எபெனேசர் தேவாலயம்: கல்லும் குரலும்



விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், சாமுவேலின் முதலாம் நூலில், ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. பெலிஸ்தியரை வென்ற பின்னர் சாமுவேல் ஒரு கல்லை எடுத்து நிறுத்தி, அதற்கு எபெனேசர் என்று பெயரிடுகிறார். எபிரேய மொழியில் 'உதவியின் கல்' என்பது அதன் பொருள். இவ்வளவு தூரம் வந்து சேர உதவி கிடைத்தது என்பதைப் பின்னால் வருபவர்கள் மறந்துவிடக் கூடாது என்று நாட்டிய ஞாபகக் கல் அது. நமது கிறிஸ்தவக் குடும்பங்களிலும் எபெனேசர் என்ற பெயருடையவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு தேவாலயத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒன்றான ஜோர்ஜியாவில், அட்லாண்டா நகரின் ஓபர்ன் அவெனியூ என்ற வீதியில் அது நிற்கிறது. எபெனேசர் பப்டிஸ்ட் தேவாலயம். மார்ட்டின் லூதர் கிங்கின் தாய்வழிப் பாட்டனார், தந்தையார், பின்னர் அவரே என்று மூன்று தலைமுறையினர் போதகர்களாக இருந்த இடம். இன்று அமெரிக்க அரசின் தேசியப் பூங்காச் சேவையினர் அதைப் பாதுகாத்து வருகிறார்கள். உலகின் பல பாகங்களிலிருந்தும் வருபவர்கள் அதன் வாங்குகளில் அமர்ந்து, ஒலிபெருக்கி வழியாக வரும் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

என் மனதில் எழும் கேள்வி இதுதான். ஒரு தேவாலயத்தை வரலாற்றுச் சின்னமாகக் காப்பது என்றால் நாம் காப்பது எதை? செங்கல்லையா, அதற்குள் கூடிய சபையையா, அங்கிருந்து எழுந்த குரலையா? இம்மூன்றும் ஒன்றல்ல. எபெனேசரின் கதையைப் படிக்கப் படிக்க இது எனக்குத் தெளிவாகிறது.

முதலில் கட்டிடத்தின் கதை. இந்தச் சபை 1886இல் தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்து இருபத்தொரு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1894இல் இரண்டாவது போதகராக அடம் டானியல் வில்லியம்ஸ் வந்தபோது சபையில் இருந்தவர்கள் பதின்மூன்று பேர் என்கிறார்கள். 1906 செப்டெம்பரில் அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்கிக் கொன்றன. அதன் பின்னர் கறுப்பினத்தவரின் கடைகளும் தொழில்களும் நகரின் மையத்திலிருந்து விலகி ஓபர்ன் அவெனியூவில் வந்து சேர்ந்தன. சபையும் அந்த வீதிக்கே வந்தது. 1914இல் தொடங்கிய தேவாலயக் கட்டிட வேலை 1922இல் நிறைவு பெற்றது. எட்டு ஆண்டுகள்! பெரிய செல்வந்தர்கள் கட்டிக்கொடுத்த மாளிகை அல்ல அது. உழைக்கும் மக்கள் ஞாயிறு தோறும் காணிக்கைத் தட்டில் இட்ட காசுகளால் மெல்ல மெல்ல எழுந்த செங்கற் கட்டிடம்.

வில்லியம்ஸ் பிரசங்கத்தோடு நின்றவர் அல்லர். கறுப்பினத்தவரின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் அட்லாண்டாக் கிளைக்குத் தலைமை தாங்கினார். அட்லாண்டாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அரசாங்க உயர்நிலைப் பள்ளி ஒன்றுகூட இல்லாத காலம் அது. அதற்காகப் போராடியவர்களில் அவர் முக்கியமானவர். 1924இல் புக்கர் ரி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. பின்னாளில் அவருடைய பேரன் படித்ததும் அந்தப் பள்ளியில்தான்.

1931இல் வில்லியம்ஸ் காலமானார். அவருடைய மகள் ஆல்பர்ட்டாவை மணந்த மூத்த மார்ட்டின் லூதர் கிங் போதகரானார். 'டடி கிங்' என்று மக்கள் அழைத்தது இவரைத்தான். 1975 வரை, நாற்பத்து நான்கு ஆண்டுகள், அந்தப் பொறுப்பில் இருந்தார். தந்தைக்கும் மகனுக்கும் முதலில் இருந்த பெயர் மைக்கேல். 1934இல் ஜேர்மனியில் நடந்த உலக பப்டிஸ்ட் மகாநாட்டுக்குச் சென்று திரும்பிய தந்தையார், சமயச் சீர்திருத்தவாதி லூதரின் பெயரைத் தமக்கும் மகனுக்கும் சூட்டிக்கொண்டார்.

மகன் பிறந்தது 1929 ஜனவரி 15ஆம் திகதி. தேவாலயத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் அந்த வீடு. பாட்டனார் 1909இல் 3,500 டொலருக்கு வாங்கிய இரண்டு மாடி வீடு. சிறுவன் வளர்ந்து, பத்தொன்பதாவது வயதில், 1948இல், இதே தேவாலயத்தில் போதகராக அபிஷேகம் பெற்றான். பின்னர் அலபாமா மாநிலத்து மொன்ட்கொமரி நகரில் வேறொரு தேவாலயத்துக்குப் பொறுப்பேற்றதும், அங்கே 381 நாட்கள் நடந்த பஸ் பகிஷ்கரிப்புக்குத் தலைமை தாங்கியதும் உலகம் அறிந்தவை. அந்த வெற்றிக்குப் பின், 1957 ஜனவரியில், தென்மாநிலப் போதகர்கள் பலர் கூடித் தமது போராட்டத்துக்கு ஓர் அமைப்பு வேண்டுமென்று ஆலோசித்தது எபெனேசரில்தான். தென்பகுதிக் கிறிஸ்தவத் தலைமைத்துவ மாநாடு என்ற அமைப்பு அதிலிருந்து பிறந்தது. 1960இல் கிங் அட்லாண்டாவுக்குத் திரும்பித் தந்தையோடு இணைப்போதகரானார். 1968இல் கொல்லப்படும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நாடெங்கும் அலைந்து கொண்டிருந்தாலும், அவருடைய சொந்தப் பிரசங்க பீடம் இதுவாகவே இருந்தது.

இனிக் குரலுக்கு வருகிறேன். வானொலியில் பேசுகிறவன் என்பதால் ஒரு வானொலிக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கறுப்பினத்தவர் ஒருவர் உரிமையாளராக இருந்து நடத்திய முதலாவது அமெரிக்க வானொலி நிலையம் இந்த ஓபர்ன் அவெனியூவில்தான் இருந்தது. பெயர் டபிள்யு.ஈ.ஆர்.டி. 1949இல் ஜெசி பிளேட்டன் என்ற வங்கியாளரும் கணக்காளருமானவர் அதை வாங்கினார். அந்த நிலையம் இருந்த மேசன் சங்கக் கட்டிடத்தில்தான் கிங்கின் அமைப்பும் அலுவலகம் வைத்திருந்தது. கிங்குக்கு மக்களிடம் அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், தும்புத்தடியால் கூரையில் தட்டுவாராம். மேல்மாடியில் இருக்கும் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை யன்னல் வழியாகக் கீழே இறக்கிவிடுவாராம். அந்த வீதியில் இன்றும் சொல்லப்படும் கதை இது. சட்டமோ பொலிஸோ தம் பக்கம் இல்லாத மக்களுக்கு, தும்புத்தடியும் ஒலிவாங்கியும் எவ்வளவு பெரிய ஆயுதங்களாக இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள்.

எபெனேசரில் கிங் நிகழ்த்திய பிரசங்கங்கள் பல ஒலிநாடாவில் பதிவாகியுள்ளன. அவற்றில் மூன்றை மாத்திரம் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலாவது, 1965 ஜூலை 4ஆம் திகதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று நிகழ்த்தியது. அதில் அவர் 1959இல் தாம் மேற்கொண்ட இந்தியப் பயணத்தை நினைவுகூருகிறார். திருவனந்தபுரத்தில், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அவரை அழைத்துச் சென்றார்கள். தலைமை ஆசிரியர், உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார் என்று மாணவர்களுக்கு அவரை அறிமுகம் செய்து வைத்தார். தமக்கு ஒரு கணம் அதிர்ச்சியாகவும் சற்றுக் கோபமாகவும் இருந்ததாகக் கிங் சொல்கிறார். பிறகு தமது நாட்டில் சேரிகளில் அடைபட்டுக் கிடக்கும் தம்மவரை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் தீண்டத்தகாதவனே என்று தமக்குள் ஏற்றுக்கொண்டாராம். நமது பிராந்தியத்துச் சாதிக் கொடுமை அட்லாண்டாவின் பிரசங்க பீடத்தில் இவ்வாறு ஒலித்தது. அதைப் படிக்கும்போது எபெனேசர் எனக்குத் தூர தேசத்துத் தேவாலயமாகத் தோன்றுவதில்லை.

இரண்டாவது, 1967 ஏப்ரல் 30ஆம் திகதி, வியட்நாம் போரைத் தாம் ஏன் எதிர்க்கிறார் என்று விளக்கிய பிரசங்கம். அதே மாதம் 4ஆம் திகதி நியூயோர்க்கில் இதைப் பற்றி அவர் பேசியபோது, அதுவரை அவரைப் பாராட்டிய பெரிய பத்திரிகைகள் பல கண்டித்து எழுதின. ஜனாதிபதி ஜோன்சனின் நட்பும் முறிந்தது. அவ்வளவுக்குப் பிறகும் தமது சொந்தச் சபையின் முன் நின்று அதே கருத்தை மீண்டும் சொன்னார்.

மூன்றாவது, 1968 பெப்ரவரி 4ஆம் திகதிப் பிரசங்கம். முன்னணியில் நிற்க வேண்டும் என்ற மனித ஆசையைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், முடிவில் தமது மரணச் சடங்கைப் பற்றிப் பேசினார். நோபல் பரிசு பெற்றதைச் சொல்ல வேண்டாம், படித்த பள்ளிகளைச் சொல்ல வேண்டாம், பிறருக்குத் தொண்டு செய்ய முயன்றான் என்று மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டார். சரியாக இரண்டு மாதங்கள் கழித்து, ஏப்ரல் 4ஆம் திகதி, மெம்பிஸ் நகரில் சுடப்பட்டு இறந்தார். அவருக்கு வயது முப்பத்தொன்பது. ஏப்ரல் 9ஆம் திகதி எபெனேசரில் நடந்த இறுதி ஆராதனையில், மனைவி கொரெட்டாவின் விருப்பப்படி, அந்த ஒலிநாடாவையே ஒலிக்கவிட்டார்கள். தமது மரண ஆராதனையில் தாமே பிரசங்கித்தார் கிங். பின்னர் கோவேறு கழுதைகள் இழுத்த எளிய வண்டியில் சவப்பெட்டி மோர்ஹவுஸ் கல்லூரி வரை சென்றது.

அந்தக் குடும்பத்தின் துயரம் அத்தோடு தீரவில்லை. மறு ஆண்டு இளைய மகன் வீட்டு நீச்சல் தடாகத்தில் இறந்து கிடந்தார். 1974 ஜூன் 30ஆம் திகதி ஞாயிறு ஆராதனையின்போது, ஓர்கன் வாசித்துக் கொண்டிருந்த தாயார் ஆல்பர்ட்டாவை இருபத்து மூன்று வயது இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றான். சபையின் டீக்கன் ஒருவரும் இறந்தார். மகனைக் கொன்றவன் வெள்ளையன். மனைவியைக் கொன்றவன் கறுப்பினத்தவன். இருவரில் எவரையும் வெறுக்கப் போவதில்லை என்று டடி கிங் பின்னர் தமது சுயசரிதையில் எழுதினார். எழுதுவது எளிது என்று சொல்லிவிட முடியாது. மனைவி இறந்த அதே தேவாலயத்தில் அவர் தொடர்ந்து போதகராக நின்றார்.

இத்தகைய ஓர் இடத்தைக் காக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. 1977இல் அந்தப் பகுதி தேசிய வரலாற்று அடையாளமாக அறிவிக்கப்பட்டது. 1980 ஒக்டோபர் 10ஆம் திகதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தின் மூலம், பிறந்த வீடு, தேவாலயம், கல்லறை எல்லாம் அடங்கிய மார்ட்டின் லூதர் கிங் தேசிய வரலாற்றுத் தலம் உருவாயிற்று. கார்ட்டரும் ஜோர்ஜியாவைச் சேர்ந்தவரே. 1998இல் இந்தியா அளித்த காந்தி சிலை ஒன்றும் அங்கே நிறுவப்பட்டது. 2018 ஜனவரியில், கிங்கின் இளைய தோழராக இருந்து கொங்கிரஸ் உறுப்பினரான ஜோன் லூயிஸ் கொண்டுவந்த சட்டமூலம் நிறைவேறி, அந்தத் தலம் தேசிய வரலாற்றுப் பூங்கா என்ற நிலைக்கு உயர்ந்தது. முன்னர் சொன்ன மேசன் சங்கக் கட்டிடமும் அதன் எல்லைக்குள் வந்தது. அதே ஆண்டு இறுதியில், கிங் பிறந்த வீட்டைத் தேசியப் பூங்கா நிதியம் 19 இலட்சம் டொலருக்கு வாங்கி அரசின் பொறுப்பில் ஒப்படைத்தது.

ஆனால் தேவாலயம் வீட்டைப் போன்றதன்று. வீட்டில் குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். தேவாலயத்தில் சபை இருந்தது. ஞாயிறு தோறும் ஆராதனை, திருமணம், ஞானஸ்நானம், சாவுச் சடங்கு எல்லாம் நடந்தன. வெளியூரார் பேருந்துகளில் வந்து குவிந்தார்கள். பழைய மண்டபம் இரண்டுக்கும் இடம் கொள்ளவில்லை. அப்போது சபை எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. 1999இல் வீதியின் எதிர்ப்புறத்தில் பெரிய புதிய ஆலயம் ஒன்றைக் கட்டி, சபை அங்கே குடிபெயர்ந்தது. பழைய கட்டிடத்தின் உரிமையைச் சபையினர் தம்மிடமே வைத்துக்கொண்டு, நீண்டகாலக் குத்தகை மூலம் பூங்காச் சேவையிடம் பராமரிப்பை விட்டார்கள். கல்லை அரசு காக்கட்டும், சபை தன் வழியில் நடக்கட்டும் என்பது போன்ற ஏற்பாடு. புதிய ஆலயத்தில் 2005இலிருந்து தலைமைப் போதகராக இருக்கும் ரஃபேல் வார்னொக், 2021 ஜனவரியில் ஜோர்ஜியாவின் முதலாவது கறுப்பினச் செனட்டராகத் தெரிவானார். 2020 ஜூலையில் ஜோன் லூயிஸின் இறுதி ஆராதனை நடந்ததும் அங்கேயே.

பழைய கட்டிடம் பல ஆண்டுத் திருத்த வேலைக்குப் பின் 2011இல் மீண்டும் திறக்கப்பட்டது. கிங் அங்கே இணைப்போதகராக இருந்த 1960 முதல் 1968 வரையான காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே அதை ஆக்கியிருக்கிறார்கள். இங்கேதான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கட்டிடத்தின் நூறு வருட வாழ்வில் எட்டு வருடங்களைத் தெரிந்தெடுத்து அதில் காலத்தை நிறுத்துவது ஒரு தெரிவு. எந்தப் பாதுகாப்பு வேலைக்கும் அது தவிர்க்க முடியாதது. ஏதாவது ஓர் ஆண்டைத் தெரிய வேண்டும். ஆயினும் அப்படித் தெரியும்போது, 1922 வரை காசு சேர்த்துக் கட்டியவர்களும், 1974இல் ஓர்கன் முன் விழுந்த தாயாரும் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். பெரிய மனிதர் ஒருவரைக் காக்கப் போய், அவரை உருவாக்கிய சிறிய மனிதர்களை இழந்துவிடக் கூடாது. வழிகாட்டிகளாக நிற்பவர்கள் வாயால் சொல்லும் கதைதான் அந்தக் குறையை நிரப்ப வேண்டும்.

அயலும் இப்படித்தான். ஓபர்ன் அவெனியூவை 1956இல் ஓர் அமெரிக்க வர்த்தகச் சஞ்சிகை, உலகிலேயே செல்வம் மிக்க கறுப்பின வீதி என்று வர்ணித்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் பெரு நெடுஞ்சாலை ஒன்று அந்த வீதியை ஊடறுத்துச் சென்றது. வணிகம் நலிந்தது, குடும்பங்கள் பெயர்ந்தன. ஒரு கையால் வீதியை வெட்டிய அரசே மறு கையால் அதில் எஞ்சியதைக் காக்க வந்தது. பூங்காச் சேவையினர் பிறந்த வீட்டைச் சுற்றியுள்ள பழைய வீடுகளைத் திருத்தி, மக்களுக்கு வாடகைக்குக் கொடுத்து வாழ வைத்திருப்பது பாராட்டத்தக்கது. யன்னலில் துணி காயும் வீதியே உயிருள்ள வீதி.

இன்னொரு முரணையும் சொல்லத்தான் வேண்டும். 1963 ஒக்டோபரில் சட்டமா அதிபர் ரொபர்ட் கென்னடியின் அனுமதியோடு எஃப்.பி.ஐ. உளவுத்துறை கிங்கின் வீட்டுத் தொலைபேசியையும் அலுவலகத் தொலைபேசிகளையும் ஒட்டுக்கேட்டது. அன்று அவருடைய குரலை இரகசியமாகப் பதிவு செய்த அதே அரசு, இன்று சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்து அவருடைய குரலைப் பகிரங்கமாக ஒலிக்கச் செய்கிறது. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. ஓர் அரசு தன் தவறை ஒப்புக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அரசு காப்பதை அரசு பூட்டவும் முடியும். 2018 டிசெம்பரில் வரவுசெலவுத் தகராறினால் அமெரிக்க அரசுச் சேவைகள் பல முடங்கியபோது, இந்தத் தலமும் மூடப்பட்டது. கிங்கின் ஞாபகார்த்த விடுமுறை தினம் நெருங்கிக் கொண்டிருந்தது. அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட டெல்டா விமான நிறுவனத்தின் அறக்கட்டளை 83,500 டொலர் கொடுத்த பிறகே, 2019 ஜனவரி 19ஆம் திகதி கதவுகள் திறந்தன. தேசத்தின் சொத்து என்று பெயர் பெற்ற தேவாலயத்தின் சாவிக்கு, ஒரு தனியார் நிறுவனத்தின் கொடை தேவைப்பட்டது! வீதியின் எதிர்ப்புறத்தில் இருந்த சபையின் ஆலயத்துக்கோ எவரது அனுமதியும் தேவைப்படவில்லை. அந்த ஞாயிறும் அங்கே ஆராதனை நடந்தது.

ஆகவே என் முடிவு இது. கட்டிடத்தை அரசு காக்கலாம், காக்கவும் வேண்டும். அதற்குப் பணமும் சட்டமும் நிபுணத்துவமும் அரசிடமே உண்டு. ஆனால் நினைவின் பொறுப்பு முழுவதையும் அரசிடம் ஒப்படைத்துவிட்டு மக்கள் வீட்டுக்குப் போய்விட முடியாது. பழைய மண்டபத்தில் 1965இன் பிரசங்கம் ஒலிக்கும்போது 1967இன் பிரசங்கமும் ஒலிக்கிறதா, கனவு கண்ட கிங்கோடு போரை எதிர்த்த கிங்கும் அங்கே இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே இருக்க ஒரு சபை வேண்டும். எபெனேசரின் நல்ல காலம், அந்தச் சபை தொலைவில் இல்லை. வீதியைக் கடந்தால் போதும்.

கல்லை நாட்டியவர் சாமுவேல். அது எதற்காக நாட்டப்பட்டது என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தவர்கள் பெயர் தெரியாத தாய்மாரும் தந்தைமாரும். அவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால், வயலில் கிடக்கும் எத்தனையோ கற்களில் அதுவும் ஒன்றாகியிருக்கும்.